மம்பட்டி எத்தனை இருக்கு?

வணக்கம். தொண்டு வேலையைப் பத்தி பேசச் சொன்னாங்க, நான் மம்பட்டியில இருந்தே தொடங்குறன்.

2016 மே மாசம், கொழும்புப் பக்கம் களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டி பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி, உங்கள்ல கனபேருக்கு ஞாபகம் இருக்கும், வெசாக் நேரம் வேற. தண்ணி வடிஞ்சதும் சேறு அள்ளப் போவம் எண்டு வாட்சப்ல ஒரு மெசேஜ் போட்டம். இருவது பேர் வந்தா காணும் எண்டு நினைச்சா, காலைல சந்தியில எண்பது பேர் நிக்கிறாங்க! கெம்பஸ் பொடியன்கள், ஒஃபிஸ் ஆக்கள், புதுச் சப்பாத்தோட ஒரு அங்கிள். சரி, மம்பட்டி எத்தனை? நாலு. அதுலயும் ஒண்டுக்குப் பிடி ஆடுது.

பிறகென்ன, நாலு பேர் அள்ள மிச்ச ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க, சோத்துப் பார்சல் வந்துச்சு, சப்பாத்துல சேறு படாமலே அங்கிளும் சாப்பிட்டுட்டுப் போயிட்டார். அந்த ஒழுங்கையில ஒரு அக்கா வாசல்ல நிண்டு கேட்டா, "தம்பி, இந்தக் கட்டிலைத் தூக்கி வெளியில வைக்க ரெண்டு பேர் வருவாங்களா?" எண்பது பேர் நிக்கிற இடத்துல ரெண்டு பேர் கேக்கிறா. இப்ப நினைச்சாலும் வெக்கமா இருக்கு.

நம்ம ஆக்களுக்கு மனசு தாராளம், அதுல குறையே இல்ல. ஆனா யாரை எங்க அனுப்புறது, என்ன சாமான் வேணும், ஒருத்தன் ஆணியில மிதிச்சா யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது? இதைப் பாக்க ஆள் வேணும், ஒஃபிஸ் வேணும், கொப்பி வேணும், அதுக்குக் காசும் வேணும். "சும்மா செய்யுற வேலைக்கு எதுக்குச் செலவு" எண்டு கேப்பாங்க. அந்தச் செலவுதான் மம்பட்டி! (வீட்டுல இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துட்டாங்க.)

சர்வோதயத் தொண்டு இயக்கத்தைப் பாருங்க. 1958ல நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ கிராமத்துக்குப் போய்த் தொடங்கினது. அவங்கட சிரமதானத்துல, அதான் ஊருக்காக எல்லாரும் சேர்ந்து சும்மா உழைக்கிறது, எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்டு, பவுல் ஹமுவ எண்டு சொல்லுவாங்க, குடும்பச் சந்திப்பு. ஊர்ச்சனமும் வந்தவங்களும் ஒண்டா குந்திப் பேசுறது. கட்டிலா, கிணறா, ரோட்டா, என்ன தேவை எண்டு அங்கயே தெரிஞ்சிரும். நாங்க அந்த அக்காவோட அஞ்சு நிமிஷம் பேசி இருந்தா...

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அங்கால கை காட்டுறாங்க, நேரம் போயிட்டுதாம். சுமித்ரயோ எண்ட அமைப்பைப் பத்தி பெரிசா சொல்ல இருந்தன், 1974ல இருந்து மனசு உடைஞ்சு வாறவங்கட கதையைக் கேக்கிற தொண்டர்கள், பயிற்சி எடுத்துட்டுத்தான் அந்தக் கதிரையில இருப்பாங்க, அவ்வளவு சொல்லி விடுறன். நாரஹேன்பிட்டி இரத்த வங்கி பத்தியும் இருந்துச்சு, அது இன்னொரு நாளைக்கு.

மம்பட்டி இப்ப எங்கட கராஜ்ல பன்னெண்டு கிடக்கு, தெரிஞ்சவங்க கேட்டா குடுப்பன், கழுவித் திருப்பித் தரணும். வணக்கம்.