நாகர்கோவிலில் எங்கே சாப்பிடலாம்? முதலில் மணி என்னவென்று பாருங்கள்

[காட்சி: வடசேரி பேருந்து நிலையம். பையும் குடையுமாக இறங்கும் கூட்டம்.]

வணக்கம். வெளியூரில் இருந்து நாகர்கோவில் வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நல்ல ஹோட்டல் ஒண்ணு பேரு சொல்லுங்க" என்பதுதான். நான் பெயர் சொல்வதில்லை. காலையில் புட்டு பிரமாதமாக இருக்கும் கடையில் மதியச் சோறு சுமாராக இருக்கும், சாயங்காலம் வடைக்காக ஆட்கள் முண்டியடிக்கிற கடை எட்டு மணிக்கெல்லாம் ஷட்டரை இறக்கிவிடும். அதனால் மணி என்ன, உங்களுக்கு வேண்டியது கிழக்குச் சாப்பாடா மேற்குச் சாப்பாடா என்று முடிவு செய்துகொள்ளுங்கள், அப்புறம் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம்.

[காட்சி: கன்னியாகுமரி மாவட்ட வரைபடம். நடுவில் நாகர்கோவில்.]

அது என்ன கிழக்கு, மேற்கு? தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களைத்தான் நாஞ்சில் நாடு என்கிறோம், குளமும் வயலுமாக இருக்கும் நெல் பூமி. அங்கே சோறு, அவியல், தீயல் (வறுத்த தேங்காய் அரைத்த புளிக்குழம்பு), புளிசேரி (மோர்க்குழம்பு மாதிரி), துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) என்று இலை நிறையும். கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் மேடும் சரிவும், ரப்பரும் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளிதான்). அங்கே கிழங்கு, மீன், புட்டு, பரோட்டா, பீஃப். இந்த நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன்னால் கேரளப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. ஹோட்டல் வாசலில் நிற்கும்போதே தேங்காய் எண்ணெய் வாசம் வருவது அந்தப் பழைய தொடர்பால்தான். நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது, ஆனால் இந்த இரண்டு சாப்பாட்டையும் ஒரே நாளில் ருசிக்க முடிகிற ஊராக இன்னும் இருக்கிறது.

சரி, காலை. இட்லி தோசை எங்கும் கிடைக்கும், அதைத் தேடி இங்கே அலைய வேண்டாம். புட்டு சாப்பிடுங்கள். புட்டுக்குப் பயறு, பப்படம், பழம் மூன்றும் வர வேண்டும், கடலைக்கறி கொடுத்தாலும் நல்லதுதான். குழலில் இருந்து தள்ளியதும் ஆவி பறக்கிற புட்டில் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, பயறைச் சேர்த்து, கையால் பிசைந்துதான் சாப்பிட வேண்டும், ஸ்பூன் சரிவராது. பழம் மட்டி கிடைத்தால் விடாதீர்கள். விரல் நீளத்துக்குச் சின்னதாக இருக்கும், ஆனால் தோலை உரிக்கும்போதே மணக்கும். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்பதரைக்கு மேல் போனால் புட்டு ஆறிப்போய் உதிரும், பயறும் அடியில்தான் மிஞ்சியிருக்கும். ஏழரைக்குப் போய்விடுங்கள்.

[காட்சி: வாழை இலை. ஒரு கை சம்பாச் சோறு விளம்புகிறது.]

மதியம் உட்கார்ந்ததும், "சம்பாவா, வெள்ளையா?" என்று கேட்பார்கள். சம்பா என்றால் சிவப்பு நிறம் ஓடிய தடிமனான புழுங்கல் அரிசி. பழக்கமில்லாதவர்கள் பயந்துபோய் வெள்ளை கேட்பதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து ஒரு தடவை சம்பா கேளுங்கள். தேங்காய் அரைத்த மீன் குழம்பும் புளிசேரியும் அந்தச் சோற்றோடுதான் ஒட்டும். சைவச் சாப்பாடு என்றால் இலையில் உள்ளித் தீயல், அதாவது சின்ன வெங்காயத் தீயல், இருக்கிறதா என்று கவனியுங்கள். தேங்காயைக் கருகவிடாமல் கறுஞ்சிவப்பாக வறுத்து அரைக்க ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் நிற்க வேண்டும். அந்தப் பொறுமை உள்ள சமையலறையில் மற்றதும் நன்றாகத்தான் இருக்கும்.

மீன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடற்கரை, இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு கிடையாது. வள்ளமும் கட்டுமரமும் போகும், அதில் சாளை (மத்தி), நெத்தோலி (நெத்திலி), அயலை (கானாங்கெளுத்தி) வரும். அந்த நாட்களில் தட்டில் பெரிய நெய்மீன் துண்டு வந்தால் அது எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ என்று யோசியுங்கள். (நெய்மீன் என்பது மற்ற ஊர்களில் சொல்கிற வஞ்சிரம்தான்.)

ஒரு ஜூன் மாதம் சென்னையில் இருந்து வந்த நண்பர்களோடு கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, கடற்கரைக்குப் பக்கத்திலேயே ஒரு கடையில் உட்கார்ந்தோம். வறுத்த நெய்மீன் வந்தது. மேலே மசாலா சிவப்பாக மொறுமொறு என்று இருந்தது, பிய்த்தால் உள்ளே சதை மாவு மாதிரி உதிர்ந்தது. காசைக் கொடுத்துவிட்டு எழுந்தோம், எனக்கு ஊர் மானமே போனது போல இருந்தது. மறுநாள் மதியம் அவர்களை நாகர்கோவிலில் நாலு பெஞ்சு மட்டும் போட்ட ஒரு மீன் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். "என்ன மீன் இருக்கு அக்கா?" என்றேன். "சாளை மட்டும்தான் மக்களே, காலையில வந்ததாக்கும், புளிமுளம் வச்சிருக்கேன்" என்றார். புளிமுளம் என்பது இங்கத்து மீன் குழம்பு. சட்டியோடு கொண்டுவந்து ஊற்றினார். வற்றிப்போன கெட்டிக் குழம்பு, முள்ளோடு வெந்த சாளை, மேலே கறிவேப்பிலை. ஒருவரும் பத்து நிமிஷம் பேசவில்லை.

அதனால் மீன் கடையில் மெனு அட்டையைப் பார்க்காதீர்கள், "இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் ஒரு மீனோ இரண்டு மீனோ என்றால் உட்காருங்கள். வருஷம் பூராவும் பதினைந்து வகை மீன் உண்டு என்று சொல்கிற கடை எனக்கு வேண்டாம்.

[காட்சி: மாலை நாலரை. சாயாக்கடைக் கண்ணாடி அலமாரி.]

சாயங்காலம் ரசவடை. பருப்பு வடையைச் சூடான ரசத்தில் ஊறப்போட்டுக் கிண்ணத்தில் தருவார்கள். ரொம்ப ஊறினால் கரைந்துவிடும், ஊறாவிட்டால் நடுவில் காய்ந்திருக்கும், ஸ்பூனால் அழுத்தினால் உடைந்து உள்வரை ரசம் ஏறியிருக்க வேண்டும். ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) போட்ட பஜ்ஜி, பழம்பொரி என்றும் சொல்வார்கள், அதுவும் இந்த நேரத்துக்குத்தான்.

இரவானால் என் கால் மேற்கே திரும்பும். தக்கலை, மார்த்தாண்டம் வரை போக முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் நாகர்கோவிலிலேயே பரோட்டாவும் பீஃபும் போடும் கடைகள் உண்டு. ஆனால் நான் தேடுவது மரச்சீனிக் கிழங்கை. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார், அப்புறம் 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது எத்தனையோ வீடுகளில் சோற்றுக்குப் பதில் இதுதான் வெந்தது. கிழங்கை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள், நச்சு அதோடு போய்விடும். மஞ்சளும் தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்துப் போட்டுக் கிண்டிய கிழங்கு, பக்கத்தில் காரமான மீன் குழம்பு. தாத்தா காலத்தில் வேறு வழியில்லாமல் சாப்பிட்டதை இன்று நாம் காசு கொடுத்துத் தேடிச் சாப்பிடுகிறோம், எனக்கு அதில் சந்தோஷம்தான்.

[காட்சி: சிப்ஸ் கடை. கொதிக்கும் எண்ணெய்.]

ஊருக்குக் கொண்டுபோக ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கும்போது பாக்கெட்டை எடுக்காதீர்கள், அடுப்புப் பக்கம் போய் நில்லுங்கள். மாஸ்டர் காயை எண்ணெய்க்கு மேலேயே பிடித்துச் சீவுவார், வில்லைகள் நேராக எண்ணெயில் விழும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை உப்புத் தண்ணீரைத் தெளிப்பார், எண்ணெய் சடசடவென்று இரையும். அந்த இரைச்சல் அடங்கினதும் கண்கரண்டியால் அள்ளுவார். தேங்காய் எண்ணெய்தானா என்று கேட்டுக்கொண்டு, அந்த ஈட்டில் இருந்தே அரைக் கிலோ நிறுத்துத் தரச் சொல்லுங்கள். சூடு ஆறும்வரை பையின் வாயைக் கட்ட வேண்டாம், நமத்துப்போகும்.