வில்சன் சொர்க்கப் பறவை பார்த்தாச்சு! ஆனால் தயவுசெய்து இலை போடாதீர்கள்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வருகிறேன், காலையிலிருந்து மனசு கொதிக்கிறது. இந்தோனேசியாவின் ராஜா அம்பட் தீவுக்கூட்டத்தில், வைகேயோவில் இருக்கிறேன். வில்சன் சொர்க்கப் பறவையைப் பார்த்துவிட்டேன்! எங்கோ மரவுச்சியில் இல்லை, ஓலை வேய்ந்த ஹைடுக்கு (பறவைக்குத் தெரியாமல் மறைந்திருந்து பார்க்கும் குடிசை) எதிரே, தரையில், கண்ணுக்கு நேராக. அந்தச் சந்தோஷத்தில் மண்ணள்ளிப் போடப் பார்த்தார் பக்கத்தில் இருந்த ஒருவர். பறவை வரத் தாமதமானதும் வழிகாட்டியிடம், "ஒரு இலையை எடுத்து அங்கே போடுங்கள், உடனே இறங்கி வரும்" என்கிறார்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பறவையின் ஆண், காட்டுத்தரையில் ஓர் இடத்தைப் பிடித்து, மண் தெரியும் அளவுக்குச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளும். பெட்டையைக் கவர ஆடிக்காட்டும் ஆடுகளம் அதுதான். அங்கே ஓர் இலை விழுந்தாலும் பொறுக்காது, அலகால் கவ்வி வெளியே வீசிவிடும். 1996-இல் இயற்கை ஆவணப்படங்களுக்குப் பேர்போன டேவிட் அட்டன்பரோவின் படத்துக்காக இலைகளைப் போட்டுத்தான் இதைக் கீழே வரவழைத்தார்கள். சரி, அதற்கு முன் யாரும் இதைப் படமெடுத்ததே இல்லை. இன்றைக்கு அப்படியா? விடிந்தால் ஹைடில் ஆள் உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர் எல்லாரும் ஆளுக்கொரு இலை போட்டால், அது பெட்டையைக் கூப்பிடுமா, நாம் போட்ட குப்பையை அள்ளுமா? வைகேயோ, பதாந்தா இரண்டு தீவுகளையும் சுற்றியுள்ள சில குட்டித் தீவுகளையும் விட்டால் இதற்கு வேறு வீடு கிடையாது.

என் வழிகாட்டி மறுத்துவிட்டார். அந்த மனிதரை எனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று.

இருங்கள், டிரைபாட் கதையைச் சொல்லாமல் போகக் கூடாது. வால்பாறை வீடியோக்களில் பார்ப்பீர்களே, அதே பழைய டிரைபாட்தான். ராஜா அம்பட்டுக்குப் போகும் வழியில் உள்ள சோரோங் நகருக்கு விமானம் ஏறும்போது கைப்பை எடை கூடுதல் என்று நிறுத்தினார்கள். கேட்ட பணத்தை நம் ஊர்க் கணக்கில் போட்டால் எண்ணூறு ரூபாய்க்கு மேல். நான் விடுவேனா? டிரைபாட் தலையைக் கழற்றி ஒரு ஜாக்கெட் பையில், பேட்டரிகளை இன்னொரு பையில், லென்ஸைக் கழுத்தில். மறுபடி தராசில் வைத்தால் முள் அளவுக்குள் நிற்கிறது! ஒரு பைசா கொடுக்கவில்லை. அந்த எண்ணூறு ரூபாயை அப்படியே வழிகாட்டியின் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பை நிறைய உள்ள ஜாக்கெட் வாங்குங்கள் என்று எத்தனை வீடியோவில் சொல்லியிருக்கிறேன்!

சரி, பறவை. மைனாவைவிடச் சின்னது. முதுகு சிவப்பு, பிடரி மஞ்சள், வாலில் சுருண்ட இரண்டு ஊதாக் கம்பிகள். வந்ததும் ஆடவில்லை. பழுத்து விழுந்த ஓர் இலையை இழுத்துப் போட்டது. பிறகு பக்கத்துச் செடியில் தொத்திக்கொண்டு பச்சை இலையையே கொத்திக் கிழித்தது. பெட்டை வந்து செங்குத்தான தண்டில் உட்கார்ந்ததும், அதே தண்டில் கீழே போய் ஒட்டி, நெஞ்சுச் சிறகுகளைத் தட்டையாக விரித்து மேல்நோக்கிக் காட்டியது. ஹைடிலிருந்து எனக்கு அது வெறும் கருப்பு. ஒரு கணம் என் பக்கம் சாய்ந்தது பாருங்கள், பச்சை பளீரென்று அடித்தது! அந்தப் பச்சை, மேலே இருக்கும் பெட்டைக்காகத்தான். வாயைத் திறந்தால் உள்ளேயும் இளம்பச்சை.

ஐயோ, தலையைச் சொல்லவே இல்லையே! உச்சந்தலையில் இறகே கிடையாது, வெறும் நீலத் தோல். அதன் குறுக்கே மெல்லிய கருப்புக் கோடுகள், அவை மட்டும் இறகு. கேமரா ஃபோகஸ் பிடிக்கத் திணறிய இருட்டில்கூட அந்த நீலம்தான் முதலில் தெரிந்தது. ஃபிளாஷ் போட்டு இதை எடுப்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. கேமராவின் ஒளி உணரும் திறனான ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும். கேமராவைச் சைலன்ட் மோடில் வையுங்கள். இங்கே வருகிறவர்கள், இலை வேண்டாம் என்பதை முந்தின நாள் மாலையே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். ஹைடில் உட்கார்ந்த பிறகு வாயே திறக்கக் கூடாது.

நாளைக்குச் சிவப்புச் சொர்க்கப் பறவை. 1860-இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இந்தத் தீவுக்கு வந்ததே அதைத் தேடித்தான். ஆட்டமெல்லாம் மரவுச்சியில் என்பதால் இருட்டோடு மேடு ஏற வேண்டும். இங்கே ஜெனரேட்டரைச் சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள், பேட்டரி இன்னும் பாதிகூட ஏறவில்லை. வருகிறேன்.