மீன் மலிவு, தண்ணீர்தான் செலவு: தொட்டிக்குப் புது மீன் வாங்குவது எப்படி?

[காட்சி: கடைத் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி சக்கர் மீன். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு விரல்.]

இந்த மீனை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். சக்கர். கடையில் 'டேங்க் கிளீனர்' என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். இப்போது விரல் நீளம்தான், விலையும் குறைவு. பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று நம்பி வாங்குகிறோம்.

நன்றாக வளர்ந்தால் இது ஒரு அடியைத் தாண்டிவிடும். வளர வளரப் பாசி மேய்வது குறையும், கழிவு கூடும். சுத்தம் செய்ய வந்த மீன்தான் கடைசியில் தொட்டியில் அதிகம் அசுத்தம் செய்யும். அதற்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால் பெரிய தொட்டி, பெரிய ஃபில்டர், வாரா வாரம் குடம் குடமாகத் தண்ணீர். அப்போது அந்த மீன் எவ்வளவு மலிவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் கொடுக்கும் காசு மீனுக்கு மட்டும்தான். அது வளர்ந்து வாழ்கிற காலம் முழுக்க ஆகும் செலவு தனி. புது மீன் கட்டுப்படியாகுமா என்று பார்க்கும்போது இந்த இரண்டாவது கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

[காட்சி: 60 செ.மீ. நீளத் தொட்டி. மூன்று பக்க அளவுகளும் திரையில் தெரிகின்றன.]

தொட்டியிலிருந்து ஆரம்பிப்போம். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 54 லிட்டர். அடியில் மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் போல நிற்கும். இதில் ஒரு நியான் டெட்ரா கூட்டம் நன்றாக வாழும். அல்லது ஆண் கப்பிகள் சில. அல்லது ஒரே ஒரு ஃபைட்டர். தங்கமீன் கூடாது. அது 20 செ.மீ.க்கு மேல் வளரக்கூடியது, சரியாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும்.

'இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குல மீன்' என்று ஒரு பழைய கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்ப வேண்டாம். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை இரண்டு மடங்கு ஆகாது, ஏறத்தாழ எட்டு மடங்கு ஆகும். பத்து அங்குல ஆஸ்கர் ஒன்றும், ஒரு அங்குல டெட்ரா பத்தும் அந்தக் கணக்கில் சமம். கழிவிலோ பக்கத்திலேயே வராது. அதேபோல, 'தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்' என்பதும் ஆறுதல் பேச்சு. சின்னத் தொட்டியில் மீன் குட்டையாக நிற்பது அழுக்குத் தண்ணீரால் வரும் வளர்ச்சிக் குறைவு.

சரி, அடுத்தது விலை. கூட்டமாக வாழும் மீன் என்றால் ஒன்று என்ன விலை என்று கேட்காதீர்கள், ஆறு என்ன விலை என்று கேளுங்கள். நியான், கோரிடோராஸ் எல்லாம் தனியாக விட்டால் பயந்து மூலையில் ஒதுங்கும், சரியாகத் தின்னாது. டைகர் பார்ப் இன்னும் மோசம். கூட்டம் சின்னதாக இருந்தால் பக்கத்து மீனின் துடுப்பைக் கடிக்க ஆரம்பித்துவிடும். காசு குறைவாக இருந்தால் மூன்று வகையில் இரண்டிரண்டு வாங்குவதைவிட ஒரே வகையில் ஆறு வாங்குங்கள். பார்க்கவும் அதுதான் அழகு என்பது என் கட்சி.

கப்பி வேறு கதை. தாய் மீன் நாலு வாரத்துக்கு ஒருமுறை போலக் குட்டி போடும். ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் போதும், விந்தணுவை உடலிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்து அடுத்தடுத்துக் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். பெண் கப்பி மட்டும் வாங்கினால் பெருகாது என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல அதிர்ச்சி. கப்பிக்குக் காசு கொடுப்பதே கொஞ்சம் வேடிக்கைதான். வளர்க்கிறவர் யாரையாவது கேட்டால் போதும் போதும் என்கிற அளவுக்கு அள்ளித் தருவார்.

விலை கூடிய மீன்களில் பலவற்றுக்குப் பராமரிப்பும் கூடுதல்தான். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும், அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டும். ஹீட்டர் ஓடும் மின்சாரமும் உங்கள் கணக்கில்தான் வரும்.

அப்புறம், உங்கள் குழாய்த் தண்ணீர். கடின நீரா, மென்னீரா என்று ஒரு சோதனைப் பட்டையில் பார்த்துவிடலாம். கடின நீர் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி சுகமாக இருக்கும். மென்னீர் என்றால் டெட்ரா வகைகள். கடின நீரை வைத்துக்கொண்டு டிஸ்கஸுக்கு ஆசைப்பட்டால் தண்ணீரை மாற்றக் கருவி வாங்க வேண்டும், அதை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரை மாற்றுவதைவிட மீனை மாற்றிக்கொள்வது மலிவு.

[காட்சி: கடைத் தொட்டி, மிக அருகில். ஒரு மீனின் செவுள் மூடி திறந்து மூடுகிறது.]

இப்போது கடைக்குள் போவோம். இங்கே அவசரம் கூடாது. முதலில் ஒரு மீனைப் பார்க்காதீர்கள், முழுத் தொட்டியையும் பாருங்கள். ஒன்று செத்துக் கிடந்தாலோ, இரண்டு மூன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, அந்தத் தொட்டியில் இருக்கும் எதுவும் வேண்டாம். பல கடைகளில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் சுற்றி வரும். பக்கத்துத் தொட்டிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பிறகு மீன். துடுப்பு உடம்போடு ஒட்டியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா? வயிறு உள்ளே ஒடுங்கியிருக்கிறதா? மணலிலோ கல்லிலோ உடம்பைத் தேய்க்கிறதா? செவுள் வேகவேகமாக அடிக்கிறதா? உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? கடைக்காரரிடம் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீனை வாங்குங்கள். ஒதுங்கி நிற்பதைப் பார்த்து இரக்கப்பட்டு வாங்க வேண்டாம்.

அன்றைக்கு வந்து இறங்கிய மீனையும் உடனே எடுக்காதீர்கள். பயணக் களைப்பில் சாகிற மீன் முதல் சில நாளிலேயே செத்துவிடும். ஒரு வாரம் கழித்துப் போங்கள். பொறுத்திருப்பதற்குக் காசு ஆகாது.

ரோஸ், பச்சை, ஊதா என்று மின்னும் கண்ணாடி மீன்களைப் பார்த்தால் அப்படியே நகர்ந்துவிடுங்கள். கண்ணாடி மீனுக்கு அந்த நிறம் இயற்கையில் கிடையாது, ஊசியில் ஏற்றியது. சில மாதத்தில் மங்கிவிடும், அதற்குள் நோய் வரும் வாய்ப்பும் அதிகம்.

[காட்சி: பிளாஸ்டிக் டப்பா, அதில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு.]

மணலை எளிமையாக வைக்கலாம், செடியை நண்பரிடம் வெட்டி வாங்கலாம், தொட்டியைப் பழையதாகவே வாங்கலாம். சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது இந்த டப்பா. புது மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடாமல் இதில் இரண்டிலிருந்து நாலு வாரம் தனியாக வையுங்கள். ஸ்பாஞ்சைக் கொஞ்ச நாள் முன்பே பழைய தொட்டியில் போட்டுவைத்தால், கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும்.

ஏன் இத்தனை நாள்? வெள்ளைப் புள்ளி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியாகத் தெரியும்போது ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கிறது, மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் உதிர்ந்து அடியில் விழும், அங்கே பல நூறாகப் பெருகும், பிறகு நீந்திப் புது மீனைத் தேடும். மருந்து பிடிப்பது இந்த நீந்தும் கட்டத்தில்தான். 25 டிகிரித் தண்ணீரில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும், குளிர்ந்த தண்ணீரில் பல வாரம் இழுக்கும். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்தினால் அடுத்த சுற்றுக்கு வழிவிட்டதாகிவிடும்.

பெரிய தொட்டிக்கு மாற்றும்போதும் ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாதீர்கள். மீன் எண்ணிக்கை கூடுவதற்கேற்ப பாக்டீரியாவும் பெருக நேரம் வேண்டும். முதலில் கொஞ்சம், ஓரிரு வாரம் அம்மோனியாவும், அதை பாக்டீரியா முறிக்கும்போது வரும் இன்னொரு விஷமான நைட்ரைட்டும் பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று பார்த்து, மீதியை அப்புறம்.

[காட்சி: டப்பாவில் மிதக்கும் பிளாஸ்டிக் பை.]

கடைசியாக, மீன் வீட்டுக்கு வரும் நாள். பையைத் திறக்காமல் 15, 20 நிமிடம் மிதக்கவிடுங்கள், வெப்பம் சமமாகும். பக்கத்துக் கடையிலிருந்து வந்த மீன் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக டப்பாத் தண்ணீரைப் பைக்குள் சேர்க்கலாம். பார்சலில் மணிக்கணக்காகப் பயணம் செய்து வந்த மீனுக்கு இது ஆபத்து. மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயுவால் தண்ணீர் அமிலமாகியிருக்கும், அதனால் அம்மோனியா தீங்கு குறைந்த வடிவில் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், அமிலம் குறையும், அம்மோனியா விஷமாகும். அதனால் திறந்த பையில் ஊறவிடாமல் உடனே வலையில் எடுத்து டப்பாவில் விடுங்கள். அதன் தண்ணீர் முன்பே குளோரின் நீக்கித் தயாராக இருக்க வேண்டும்.

எப்படி வந்த மீனானாலும் பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது, சாக்கடையில் கொட்டுங்கள். அன்று விளக்கை அணைத்து வையுங்கள். தீனி மறுநாள்.