சி.பி.எல். முடிந்தது, 1500 மணி நேரத்துக்கு எங்கே போவது?

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, 200 மணி நேரம் பறந்து சி.பி.எல். (சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான உரிமம்) வாங்கிவிட்டேன். ஏர்லைனில் சேர 1500 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் காசு கட்டி ஹவர்ஸ் ஏற்றிக்கொண்டு வரலாமா?"

தம்பி, முதலில் அந்த 1500 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். அது அமெரிக்காவின் விதி. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டத்தால், 2013 முதல் அங்கே கோ-பைலட்டாக உட்காரவே பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும். விமானப் படிப்பில் பட்டம் பெற்றவர்களுக்கும் ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும் கொஞ்சம் சலுகை உண்டு. வேடிக்கை என்னவென்றால், விழுந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1500-ஐ எப்போதோ தாண்டியவர்கள். அதனால்தான் அந்த விதியைப் பற்றி இன்றுவரை சண்டை ஓயவில்லை.

இந்தியாவில் கதை வேறு. இங்கே 1500 என்பது ஏ.டி.பி.எல். என்ற மேல்நிலை பைலட் உரிமத்துக்கான கணக்கு, அதாவது கேப்டன் ஆவதற்கு. கோ-பைலட்டாக நுழைய சி.பி.எல்., ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின் உள்ள விமானத்துக்கான மல்டி இன்ஜின் ரேட்டிங், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் (ஐ.ஆர்.), அப்புறம் ஏ320 போன்ற குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங் இருந்தால் போதும். டைப் ரேட்டிங்கைச் சில நேரம் சேர்ந்த பிறகு கம்பெனியிலேயே முடிப்பார்கள். உள்ளே போய்விட்டால் மணி நேரம் தானாகவே ஏறும். ஒரு பைலட் 365 நாளில் 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பதுதான் அங்கே கட்டுப்பாடு.

அதனால் செஸ்னா மாதிரி சின்னப் பயிற்சி விமானத்தில் இன்னும் 100 மணி நேரம் காசு கொடுத்துச் சுற்றுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அமெரிக்காவில் 'டைம் பில்டிங்' என்று மணி நேரம் ஏற்றுவதற்கான பேக்கேஜ் விற்பார்கள். இரண்டு பேர் ஏறுவார்கள். ஒருவர் வெளியே தெரியாதபடி ஹூட் மாட்டிக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவார். மற்றவர் சேஃப்டி பைலட்டாக வெளியே பார்த்துக்கொள்வார். பறக்கும் ஒரே மணி நேரத்தை இருவரும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள அந்த ஊர் விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அதை நம் விமானத் துறை கண்காணிப்பு அமைப்பான டி.ஜி.சி.ஏ.விடம் கொண்டுவந்தால் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

ஹவர்ஸ் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் இன்ஸ்ட்ரக்டர் ஆகுங்கள். சம்பளம் சுமார்தான். ஆனால் பறக்கும் நேரத்துக்கு நீங்கள் காசு கொடுப்பதில்லை, உங்களுக்குக் கொடுக்கிறார்கள். விமானத்துக்குப் பொறுப்பாக, கமாண்டில் இருப்பவரும் நீங்கள்தான். மாணவன் ரன்வேக்குப் பத்தடி மேலே இருக்கும்போது பயந்துபோய் விமானத்தின் மூக்கை வெடுக்கென்று தூக்குவான். வேகம் விழும், இறக்கை தூக்குசக்தியை இழக்கப்போகிறது என்று ஸ்டால் வார்னிங் கத்தும். அவன் கையைத் தட்டிவிடாமல் எப்போது கண்ட்ரோலை வாங்குவது, எவ்வளவு நேரம் விட்டுப்பிடிப்பது? தனியாகச் சுற்றினால் இதெல்லாம் வராது.

இன்னொன்று, பறந்த நேரத்தை எழுதிவைக்கும் லாக்புக். செஸ்னாவில் நேரத்தைக் கணக்கிடும் ஹாப்ஸ் மீட்டரின் கடைசி இலக்கம் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை நகரும். அதில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். பறக்காததைப் பறந்ததாக எழுதிக் கொடுக்கிற ஆட்கள் இருந்திருக்கிறார்கள். 2011-ல் போலி ஆவண விவகாரம் வெடித்தபோது பைலட்டுகள் கைதே ஆனார்கள். விமானத்தின் பதிவேடான டெக் லாக்கையும் உங்கள் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்தால் பொய் தெரிந்துவிடும்.

வேலை வரும்வரை ஐ.ஆர். காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பைலட்டுக்கான மருத்துவச் சான்றான கிளாஸ் 1 மெடிக்கலையும்தான். ஏர்லைன் விளம்பரம் திடீரென்று வரும், விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாள் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் ஐ.ஆர். புதுப்பிக்க விமானத்துக்கும் எக்ஸாமினருக்கும் அலைந்துகொண்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மிச்சம் வைத்த பணத்தில் நல்ல சிமுலேட்டரில் சில செஷன் போட்டு ஸ்கேனை, அதாவது கருவிகள் மேல் வரிசையாகக் கண் ஓட்டும் பழக்கத்தை, சரிசெய்யுங்கள். தேர்வில் அதைத்தான் பார்ப்பார்கள்.

சரி, அடுத்த கேள்வி.