லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடுமா? அதோடு அருவியில் குளிக்கலாமா?

அடுத்த கேள்வியை செங்கோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். புனலூரில் வேலையாம், தினமும் ரயிலில் போய்வருகிறார். "போன வாரம்தான் முதன்முதலாக கான்டாக்ட் லென்ஸ் வாங்கினேன். போட வந்துவிட்டது, கழற்றத்தான் வரவில்லை. கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்போது சாரலும் ஆரம்பித்துவிட்டது. லென்ஸோடு அருவியில் குளிக்கலாமா?"

பின்னால் போகாது, போக வழியே கிடையாது. இமையின் உட்புறம் இருக்கிற மெல்லிய சவ்வுதான் உள்ளே மடிந்து திரும்பி வெள்ளை விழியையும் மூடுகிறது. அந்த மடிப்போடு பாதை முடிந்தது. லென்ஸ் விலகினால் பெரும்பாலும் மேல் இமைக்கு அடியில் போய் ஒதுங்கி நிற்கும். கீழே பார்த்துக்கொண்டு, மூடிய இமையின் மேல் மெதுவாகத் தடவிக் கொடுத்தால் இறங்கி வந்துவிடும்.

சரி, கழற்றுவது. புதிதாகப் போடுகிறவர்கள் நேராகப் பார்த்தபடி கருவிழியின் மேலேயே கிள்ளப் பார்ப்பார்கள். அங்கே விரல் பட்டால் கண் மூடத்தான் செய்யும். நீங்கள் மேலே பாருங்கள். நடுவிரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, ஆள்காட்டி விரலால் லென்ஸைக் கீழே வெள்ளை விழிக்கு நகர்த்துங்கள். அங்கே கூச்சம் குறைவு. அப்புறம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாகச் சேர்த்தால் லென்ஸ் மடிந்து கையோடு வரும். விரல் நுனிச் சதைதான் படவேண்டும், நகம் படக்கூடாது. நகரவே மாட்டேன் என்றால் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். லென்ஸோடு போடக்கூடிய சொட்டு மருந்தை விட்டு, கண்ணைச் சிமிட்டி, ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். ஆரியங்காவு கணவாய்க் காற்றில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் லென்ஸ் காயத்தான் செய்யும். வண்டியில் அசந்து தூங்கினால் இன்னும் மோசம். கருவிழிக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்துதான் கிடைக்கிறது, இமை மூடினால் அது குறைந்துவிடும்.

கிள்ளுவதற்கு முன்னால் லென்ஸ் கண்ணில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதோ கீழே விழுந்த லென்ஸைத் தேடி வெறும் கருவிழியைக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் உண்டு. மற்ற கண்ணை மூடிக்கொண்டு தூரத்தில் ஒரு எழுத்தைப் படித்தாலே தெரிந்துவிடும். உண்மையில், உங்கள் கையாலேயே போட்டுக் கழற்றிக் காட்டிய பிறகுதான் கடையில் உங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். திரும்பப் போய்க் கேளுங்கள், தயங்காதீர்கள். முதல் வாரத்திலேயே காலை வண்டியிலிருந்து மாலை வண்டி வரை போடவும் வேண்டாம். நாளுக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் தொடங்கி, அவர்கள் சொல்கிறபடி கூட்டுங்கள்.

இப்போது அருவி. கூடாது. ஐந்தருவியானாலும் ஆரியங்காவு பக்கத்துப் பாலருவியானாலும் கூடாது. வருகிற பலருக்கும் லென்ஸ் பின்னால் போய்விடும் என்றுதான் பயம், தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவர் குறைவு. எனக்கு அது தலைகீழாகத் தோன்றும். மென்மையான லென்ஸே தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிற பிளாஸ்டிக்தான். 1961இல் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே இதை வீட்டிலேயே வார்த்தெடுத்தார், அதுவும் பிள்ளைகளின் கட்டுமான விளையாட்டுச் சாமானில் செய்த இயந்திரத்தில். அப்படித் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் லென்ஸ் கண்ணுக்கு இதமாக இருக்கிறது, அதனால்தான் தண்ணீர் பட்டால் ஆபத்தும். ஆறு, குளம், போர்வெல், குழாய் எல்லாத் தண்ணீரிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டு, சின்னக் கீறல் கிடைத்தால் உள்ளே இறங்கிவிடும். இது அபூர்வமாகத்தான் வரும். ஆனால் வந்தால் மாதக்கணக்கில் மருந்து, சிலருக்குக் கருவிழியையே மாற்ற வேண்டியிருக்கும். அருவி கொட்டுகிற வேகத்தில் லென்ஸ் போய்விடும் என்பது வேறு, அது பணம்தான்.

ஆகவே குற்றாலத்துக்குக் கண்ணாடியோடு போங்கள். வீட்டிலும் குளித்து முடித்த பிறகு லென்ஸ் போடுங்கள். லென்ஸ் டப்பாவைக் குழாயில் கழுவக்கூடாது, தினமும் லென்ஸ் ஊறுகிற பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதியதுதான் ஊற்ற வேண்டும். கேன் தண்ணீர் சுத்தமாச்சே என்பார்கள், அதுவும் தண்ணீர்தான். எச்சில் தொட்டுப் போடுவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். மை தீட்டுவதாக இருந்தால் லென்ஸ் போட்ட பிறகு.

தவறிப்போய் மழையிலோ அருவியிலோ நனைந்துவிட்டால் உடனே கழற்றுங்கள். ஒருநாள் லென்ஸ் என்றால் தூக்கிப் போடுங்கள். மாத லென்ஸ் என்றால் சொல்யூஷன் விட்டுத் தேய்த்து இரவு முழுக்க ஊறவையுங்கள். அதன் பிறகு கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டுச் சொட்டு மருந்தும் வாங்க வேண்டாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். போகும்போது லென்ஸையும் டப்பாவையும் எறிந்துவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள், என்ன கிருமி என்று அதிலிருந்தும் பரிசோதித்துப் பார்ப்பார்கள்.