மிச்ச நூலுக்கு ஒரு வழி

நேயர்களுக்கு வணக்கம். கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற குரோஷா வேலை செய்கிறவர்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியிலோ பீரோ மேலேயோ ஒரு கட்டைப்பை கட்டாயம் இருக்கும். உள்ளே எலுமிச்சை அளவுக்கு ஒரு மஞ்சள் உருண்டை, பேரனுக்குத் தொப்பி போட்டு மிஞ்சிய நீலம், எதற்கு வாங்கினோம் என்றே மறந்துபோன ஒரு பச்சை, எல்லாம் ஒன்றோடொன்று சிக்கு விழுந்து கிடக்கும். தூக்கிப் போட மனசு வராது, எடுத்துப் போட்டு முடிக்கவும் கை வராது. அந்தப் பையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

பையைக் கொட்டியதும் எல்லாரும் முதலில் செய்வது நிறம் நிறமாகப் பிரிப்பது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் நிறம் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் பார்க்க வேண்டியது அந்த நூல் எதில் செய்தது என்பதை. காட்டன் தனி, செயற்கை இழையான அக்ரிலிக் தனி, நிஜமான கம்பளி இருந்தால் அது தனி. நாம் ஃபேன்ஸி ஸ்டோரில் உல்லன் நூல் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக்தான், அதில் ஆட்டு ரோமம் துளியும் இருக்காது.

லேபிள் தொலைந்துபோன உருண்டையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்து நுனியில் தீக்குச்சியைக் காட்டுங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், மிஞ்சுவது ஊதினால் பறக்கிற சாம்பல். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம், குச்சியை எடுத்ததுமே அணையப் பார்க்கும். அக்ரிலிக் அப்படியே சுருண்டு உருகும், நுனியில் கறுப்பாக ஒரு கெட்டி மணி நிற்கும். உருகிய சொட்டு கையில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

அந்தக் கறுப்பு மணியைப் பார்த்தவர்கள் அக்ரிலிக்கில் பிடிதுணி போடவே மாட்டார்கள். அடுப்பிலிருந்து வாணலியை இறக்குகிற துணி உருகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிடிதுணிக்குக் காட்டன் மட்டும்தான், அதுவும் இரண்டு சதுரம் போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைச் சேர்த்துத் தைத்தது. மேடை துடைக்கிற துணி, டம்ளர் வைக்கிற வட்டம், இதற்கெல்லாமும் காட்டன்தான் சரி, தண்ணீரை உறிஞ்சுவது அதுதான். அக்ரிலிக் துண்டுகளில் பாத்திரம் தேய்க்கிற ஸ்கிரப்பர் போடுகிறார்கள், நன்றாகத் தேய்க்கும், ஆனால் எனக்கு அதில் சம்மதமில்லை. அது பிளாஸ்டிக். தேய்க்கத் தேய்க்க இழை உதிர்ந்து தண்ணீரோடு போகும். அக்ரிலிக்கை வாசல் தோரணத்துக்கும் குஷன் உறைக்கும் போர்வைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், நிறம் மங்காமல் வருஷக்கணக்கில் உழைக்கும்.

சின்னச் சதுரங்களாகப் போட்டு இணைக்கிற ஒரே போர்வையில் எல்லா வகை நூலையும் கலக்காதீர்கள். போட்டு முடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, துவைத்த பிறகுதான் தெரியும். காட்டன் சதுரம் கொஞ்சம் சுருங்கும், கம்பளி வாஷிங் மெஷினில் போனால் இறுகித் தடித்துவிடும், அக்ரிலிக் மட்டும் இருந்தபடியே இருக்கும், மொத்தப் போர்வையும் அங்கங்கே இழுத்துக்கொண்டு கோணலாக நிற்கும். அப்புறம், அடர் சிவப்பு, கருநீலக் காட்டன் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

அடுத்தது தடிமன். மெல்லிசு நூலும் தடி நூலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சதுரம் அளவு மாறிப்போகும். மெல்லிசாக இரண்டு உருண்டை இருந்தால் இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்துப் போடுங்கள், தடிமனும் சரியாகும், இரண்டு நிறமும் கலந்து புதிதாக ஒரு நிறம் கிடைத்த மாதிரியும் இருக்கும்.

மிச்ச நூலுக்கு என்றே பிறந்தது கிரானி ஸ்கொயர், நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளர்கிற சதுரம். 1885-லேயே அமெரிக்காவில் ஒரு விவசாயப் பத்திரிகையில் இதன் செய்முறை வந்துவிட்டது. நாலு செயினை, அதாவது சங்கிலிக் கண்ணிகளை, வளையமாகச் சேர்த்து, அதற்குள் மூன்று மூன்று டபுள் குரோஷேயாக (ஊசியில் நூலை ஒரு தடவை சுற்றிக்கொண்டு போடுகிற உயரமான தையல்) நாலு கொத்து, மூலைக்கு மூலை இரண்டு செயின். அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கொத்து, நடுவில் இரண்டு செயின். அவ்வளவுதான், பிறகு எத்தனை சுற்று வேண்டுமானாலும் வளரும். ஒவ்வொரு சுற்றும் வேறு நிறமாக இருக்கலாம் என்பதால் எலுமிச்சை அளவு உருண்டைகூட வீணாகாது. கிராம் காட்டுகிற தராசு சமையலறையில் இருந்தால் முதல் சதுரத்தை எடை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சதுரம் 8 கிராம் வருகிறது, கையில் 20 கிராம் உருண்டை இருக்கிறது என்றால் இரண்டு முழுச் சதுரம் போட்டு மீதி 4 கிராமை இன்னொரு சதுரத்தின் நடுப்பூவுக்கு வைத்துவிடலாம். பாதியில் நூல் தீர்ந்து பிரிக்கிற வேலை இல்லை.

இப்போதுதான் நிறம் வருகிறது. பத்து விதமான நிறம் சேர்ந்தால் கண்ணைக் குத்துமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரே வழி: எல்லாச் சதுரத்துக்கும் கடைசிச் சுற்று ஒரே நிறம். சந்தன நிறமோ கறுப்போ, அதற்கு மட்டும் புரசைவாக்கத்திலோ தி.நகரிலோ புதிதாக நூல் வாங்குங்கள், கொஞ்சம் தாராளமாகவே வாங்குங்கள். ஓரச் சுற்றும் இணைப்பும் நினைப்பதைவிட நிறைய நூலைத் தின்னும்.

சின்னச் சின்னதாகப் போட்டுச் சேர்த்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 2016 ஜனவரி 31 அன்று மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு வந்ததையெல்லாம் ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கி கின்னஸ் சாதனை செய்தார்கள். இந்த வெயிலூரில் எதற்குப் போர்வை என்றால், ஏசி அறைக்கு ஒன்று வேண்டும், ஊஞ்சல் மேல் விரிக்க ஒன்று வேண்டும், மார்கழியில் விடியற்காலைக் கோலத்துக்கு எழுந்திருக்கிற பாட்டிக்கு முழங்கால் மேல் போட்டுக்கொள்ள ஒன்று வேண்டும். அவ்வளவு பெரிய வேலை வேண்டாம் என்றால் டம்ளர் வட்டங்கள் போடுங்கள். நவராத்திரியில் கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு இரண்டு வட்டம் வைத்துக் கொடுத்துப் பாருங்கள், பிளாஸ்டிக் டப்பாவை விட ஆயிரம் மடங்கு மேல்.

மிச்ச நூல் வேலையில் நிஜமான தொல்லை நூல் நுனிகள். நிறம் மாறுகிற இடத்திலெல்லாம் இரண்டு வால் தொங்கும். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், அக்ரிலிக் வழுக்கும், இரண்டு துவையலில் முடிச்சு அவிழ்ந்துவிடும். அரைச் சாண் நீளம் விட்டு வெட்டுங்கள். அடுத்த சுற்றுப் போடும்போதே வாலைக் கொத்துகளுக்கு அடியில் வைத்து மூடிக்கொண்டே போங்கள், மீதியைக் கண் பெரிசான ஊசியில் கோத்து ஒரு பக்கமாக நாலு தையல் ஓட்டி, திரும்பவும் எதிர்ப்பக்கமாக ஓட்டிவிடுங்கள். திரும்பி வருகிற அந்தத் தையல்தான் பிடித்துக்கொள்ளும். சதுரத்துக்குச் சதுரம் இதை முடித்துவிட வேண்டும், நூறு சதுரத்தின் வாலையும் கடைசியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் போர்வை மறுபடி பைக்குள்தான் போகும்.

வெட்டிய துணுக்குகளையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வையுங்கள். பொம்மைக்கும் ஊசி குத்தி வைக்கிற திண்டுக்கும் உள்ளே அடைக்கலாம், வெளிர் நிறப் பொம்மைக்குள் கறுப்புத் துணுக்கு மட்டும் வேண்டாம், இடைவெளியில் தெரியும். குருவி கூடு கட்டட்டும் என்று சிலர் நல்ல எண்ணத்தில் துணுக்குகளைப் பால்கனியில் வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நூல் குஞ்சுகளின் காலில் சுற்றிக்கொண்டு இறுக்கிவிடும். நன்றி, வணக்கம்.