பாலத்தில் நின்று அழுத முதியவர்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிடுக்கு வடமேற்கே குவாதர்ராமா என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. பைன் மரங்கள் அடர்ந்த அந்த மலையில், ஆழமான ஓர் ஆற்றுப் பள்ளத்தின் குறுக்கே ஓர் இரும்புப் பாலம். பாலத்தின் இரு பக்கமும் காவல். 1937ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், அந்தப் பாலத்தை வெடிவைத்துத் தகர்க்க வேண்டும் என்ற ஆணையோடு ஓர் அமெரிக்க இளைஞன் எதிரியின் எல்லைக்குள் நுழைந்து மலையேறி வருகிறான். அவன் வந்து சேர்வது ஒரு சனிக்கிழமை பிற்பகலில். கதை முடிவது செவ்வாய்க்கிழமை நண்பகலில். இந்த மூன்று நாள்களை 43 அத்தியாயங்களில், ஏறத்தாழ 500 பக்கங்களில் சொல்கிற நாவலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எர்னஸ்ட் ஹெமிங்வே எழுதி 1940இல் வெளிவந்த இந்த நாவலின் ஆங்கிலப் பெயர் 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்'. 'மணி யாருக்காக ஒலிக்கிறது' என்று தமிழில் சொல்லலாம்.

காட்டுக்குள் மறைந்திருந்து போரிடும் சிறு படைக்கு நாம் இன்று வழங்கும் 'கெரில்லா' என்ற சொல்லே ஸ்பானிய மொழி உலகுக்குக் கொடுத்ததுதான். 'சிறிய போர்' என்பது அதன் நேர்ப்பொருள். 1808இல் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்தபோது அதை மலைகளிலும் கணவாய்களிலும் மறித்துத் தாக்கிய குடியானவர்களால் அந்தச் சொல் மற்ற மொழிகளுக்கும் பரவியது. அதே மலைகளில் 1936 ஜூலையில் மீண்டும் போர் மூண்டது. இந்த முறை எதிரி வெளியிலிருந்து வரவில்லை. தேர்தலில் வென்று ஆட்சியில் இருந்த குடியரசுக்கு எதிராகத் தளபதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஃபிராங்கோ அவர்களுக்குத் தலைமை ஏற்றார். ஹிட்லரும் முசோலினியும் விமானங்களும் படையும் அனுப்பினார்கள். குடியரசின் பக்கம் நின்று போரிடப் பல நாடுகளிலிருந்து பல்லாயிரம் தொண்டர்கள் போனார்கள். ஹெமிங்வே 1937இல் பத்திரிகைச் செய்தியாளராக அங்கே போனார். 1939 வசந்தத்தில் குடியரசு தோற்றது; அதே ஆண்டில் அவர் கியூபாவில் உட்கார்ந்து இந்த நாவலை எழுதத் தொடங்கினார். தோற்றுப்போன போர் என்று தெரிந்தே எழுதப்பட்ட கதை இது என்பதை வாசிக்கும்போது நாம் மறக்கக் கூடாது.

கதைத்தலைவன் ராபர்ட் ஜோர்டன், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஸ்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியன். போர்க்களத்தில் அவன் வேலை வெடிவைப்பது. மலைக்குகையில் ஏழு ஆண்களும் இரண்டு பெண்களுமாக ஒரு கெரில்லாக் குழு தங்கியிருக்கிறது. அதற்குத் தலைவன் பாப்லோ. ஒரு காலத்தில் அஞ்சாதவனாக இருந்து, இப்போது மதுவிலும் தான் கைப்பற்றிய குதிரைகளின் மீதுள்ள ஆசையிலும் மழுங்கிப் போனவன். அவன் மனைவி பிலார்தான் உண்மையில் குழுவைத் தாங்கி நிற்பவள். பாலத்தைத் தகர்க்க ஒரு நிபந்தனை உண்டு: குடியரசுப் படையின் தாக்குதல் தொடங்கியவுடன் பாலம் விழ வேண்டும், அதற்கு முன்பும் கூடாது, தாமதிக்கவும் கூடாது. முன்பே தகர்த்தால் எதிரி செப்பனிட்டுவிடுவான். தாமதித்தால் அந்தப் பாலத்தின் வழியே எதிரிக்குத் துணைப்படை வந்துவிடும். இரவில் சத்தமில்லாமல் முடித்துவிட்டு ஓடிவிடக்கூடிய வேலை, இந்த நிபந்தனையால் பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டிய வேலையாகிறது. பகலில் செய்தால் தப்புவது அரிது. ஆணையைக் கேட்ட மாத்திரத்திலேயே பாப்லோ இதைப் புரிந்துகொள்கிறான். நம் வாசகர்கள் பலர் அவனைக் கோழை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவன் சொன்னது அத்தனையும் சரியாகவே இருக்கிறது.

இந்த நாவலைக் காதல் கதை என்று அறிமுகப்படுத்துகிறவர்கள் அதிகம். 1943இல் வந்த திரைப்படத்தில் கேரி கூப்பரும் இங்கிரிட் பெர்க்மனும் நடித்தது அதற்கு ஒரு காரணம். மரியா என்ற இளம்பெண்ணின் தந்தை, குடியரசை ஆதரித்த ஓர் ஊர்த்தலைவர். தந்தையையும் தாயையும் அவள் கண் முன்னாலேயே சுட்டுக் கொன்றுவிட்டு, அவள் தலையை மழித்து, உடலையும் சிதைத்தவர்களிடமிருந்து, ஒரு ரயில் தகர்ப்பின்போது இந்தக் குழு அவளை மீட்டு வந்திருக்கிறது. மழித்த தலையில் குட்டையாக முடி வளர்ந்து நிற்கும் அவளை ஜோர்டன் முதல் நாளே நேசிக்கத் தொடங்குகிறான். எழுபது ஆண்டுகள் வாழ வேண்டிய வாழ்வை எழுபது மணி நேரத்தில் வாழ்ந்துவிட முடியுமா என்று அவன் தனக்குள் கேட்டுக்கொள்ளும் இடம் உண்மையிலேயே மனத்தைத் தொடுவது. ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த நாவலில் மிகவும் பலவீனமாக வரையப்பட்ட பாத்திரம் மரியாதான். அவளுக்கென்று ஒரு பிடிவாதமோ கோபமோ, தனியான ஓர் எண்ணமோ கிடையாது. அவனுக்கு எது வேண்டுமோ அதுவே அவளுக்கும் வேண்டும். பக்கத்திலேயே பிலார் போன்ற ஒருத்தியை உயிரும் சதையுமாக நிறுத்திக்காட்டத் தெரிந்த எழுத்தாளர், மரியாவை ஏன் இப்படி வெறும் நிழலாக விட்டார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கல்லூரி நாள்களில் நானும் இதைக் காதலுக்காகத்தான் படித்தேன். ஐம்பது வயதைக் கடந்து மீண்டும் படித்தபோது, ஜோர்டனுக்கு மலையில் வழிகாட்டியாக வரும் அன்செல்மோ என்ற கிழவரைத்தான் என்னால் விட்டு அகல முடியவில்லை. அவருக்கு 68 வயது. வேட்டைக்காரர், மலையின் ஒவ்வொரு தடமும் அறிந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். விலங்குகளைக் கொல்வதில் அவருக்குத் தயக்கம் இல்லை. மனிதனைக் கொல்வது பாவம் என்று நினைக்கிறார். அதே சமயம் போரை விட்டு ஓடவும் அவர் தயாரில்லை. கடவுளைக் கைவிட்டுவிட்ட குடியரசுக்காரர் என்பதால் பாவமன்னிப்புக் கேட்கவும் அவருக்கு இடமில்லை. போர் முடிந்த பிறகு, கொலை செய்தவர்கள் எல்லாரும் தங்களைத் தூய்மை செய்துகொள்ளப் பொதுவில் ஏதாவதொரு பிராயச்சித்தம் ஏற்படுத்த வேண்டும் என்று தனியே அமர்ந்து யோசிக்கிறார்.

அவர் யோசிக்கும் அந்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மே மாதத்தில் எதிர்பாராமல் பனி கொட்டுகிறது. சாலையில் போகும் வண்டிகளைக் கணக்கெடுக்கும்படி ஜோர்டன் அவரை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். எழுத்தறியாதவர் என்பதால், தாளில் ஒவ்வொரு வகை வண்டிக்கும் ஓர் அடையாளமிட்டு, அதன் எதிரே கோடு போட்டுக்கொண்டே போகிறார். சாலைக்கு அப்பால், மரம் அறுக்கும் மில்லில் எதிரிக் காவலர்கள் அடுப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். புகைபோக்கியிலிருந்து எழும் புகையைப் பார்த்தபடி, அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் நம்மைப் போன்ற ஏழைகள்தானே, கதவைத் தட்டினால் வாருங்கள் என்றுகூட அழைப்பார்கள், இடையில் நிற்பது ஆணை மட்டும்தானே என்று எண்ணுகிறார். உள்ளே அந்தச் சிப்பாய்களும் தங்கள் ஊர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதை நாவல் நமக்குக் காட்டிவிடுகிறது. கிழவர் குளிரில் விறைத்துப்போயும் இடத்தை விட்டு அசையவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் அவர் நிற்பதைக் கண்டபோது ஜோர்டனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி, இந்த நாவலில் வரும் எந்தக் காதல் காட்சிக்கும் குறைந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பாலத்தின் ஒரு முனையில் நின்ற காவலனை ஜோர்டன் சுடுகிறான். மறுமுனையில் இருந்தவனை அன்செல்மோதான் சுட வேண்டியிருக்கிறது. சுடுகிறார். சுட்டுவிட்டுப் பாலத்தின் மேல் நடந்து வரும்போது, தாடி முளைத்த அவர் கன்னங்களில் கண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. வெடிமருந்தைக் கட்ட அவர் உதவுகிறார். கம்பியை இழுத்ததும் பாலம் நொறுங்குகிறது. பறந்து வந்த ஒரு இரும்புத்துண்டு அவரைக் கொன்றுவிடுகிறது. முந்தின இரவு பாப்லோ டெட்டனேட்டர்களைத் திருடி ஆற்றில் எறியாமல் இருந்திருந்தால், தொலைவில் மறைந்திருந்தே வெடிக்கவைத்திருக்கலாம். கையெறி குண்டுகளையும் கம்பியையும் நம்பி அருகில் நிற்க வேண்டியிருந்திருக்காது. அந்தக் கிழவரும் பிழைத்திருப்பார். பாப்லோவோ மனம் திரும்பி, புதிய ஆள்களோடும் குதிரைகளோடும் விடியலில் வந்து நிற்கிறான். வேலை முடிந்ததும் அந்த ஆள்களைக் குதிரைகளுக்காக அவனே கொன்றுவிடுகிறான். தியாகம் என்ற சொல்லை இந்த நாவல் மலிவாகச் செலவழிப்பதே இல்லை.

தன் தரப்பின் கொடுமையையும் அது மூடி மறைக்கவில்லை. மலைப்பாதையில் நடந்துபோகும்போது பிலார் சொல்லும் ஒரு பழைய கதை இருக்கிறது. போர் தொடங்கிய நாளில், தங்கள் ஊரின் ஃபாசிஸ்டுகளை நகர மன்றத்தில் அடைத்துவைத்து, ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, சதுக்கத்தில் இரண்டு வரிசையாக நின்ற மக்கள் அடித்து, மலை விளிம்பிலிருந்து ஆற்றில் தள்ளிய கதை அது. ஏற்பாடு முழுவதும் பாப்லோவுடையது. மக்கள் கையில் இருந்தவை கதிரடிக்கும் தடிகள். முதலில் அடிக்கவே கூசி நின்றவர்கள், பிறகு மது ஏற ஏற வெறிகொள்கிறார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் கிட்டப்பார்வைக் கண்ணாடி அணிந்த கடைக்காரர் தோன் கில்லெர்மோ. கெட்டவர் அல்லர், மனைவியின் பக்தியையும் ஊர்ப் பெரிய மனிதர்களின் சகவாசத்தையும் நம்பி அந்தப் பக்கம் சாய்ந்தவர். மேல்மாடத்திலிருந்து மனைவி அவர் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். கூட்டத்தின் கையில் இருந்த தடிகளில் பெரும்பாலானவை அவர் கடையிலிருந்து எடுத்து வந்தவை என்பதைப் பிலார் முன்பே போகிறபோக்கில் சொல்லிவிட்டாள். நம் ஊர்க் களத்துமேட்டில் கதிரடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்தத் தடி மனிதன் மேல் விழும் ஓசை படித்த பிறகும் காதில் நிற்கும். குடியரசை ஆதரித்த இடதுசாரிகள் பலர் இந்தப் பகுதிக்காகவும், பன்னாட்டுப் படைகளின் தலைமையில் இருந்த ஆந்த்ரே மார்ட்டியை அவர் காட்டிய விதத்துக்காகவும் ஹெமிங்வே மீது கோபம் கொண்டார்கள். மறுபக்கத்தில், 1941ஆம் ஆண்டு புலிட்சர் பரிசுக்கு இந்த நாவல் பரிந்துரைக்கப்பட்டும், பரிசை வழங்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவரின் எதிர்ப்பால் அந்த ஆண்டு புனைவுக்குப் பரிசே வழங்கப்படவில்லை. இரண்டு பக்கமும் வெறுக்கிறார்கள் என்றால் எழுத்தாளர் ஏதோ சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பாத்திரங்கள் எல்லாரும் பேசுவது ஸ்பானிய மொழி, நாவலோ ஆங்கிலத்தில். ஸ்பானியத்தில் நம்மைப் போலவே 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லாததால் ஹெமிங்வே வழக்கொழிந்த பழைய 'தௌ', 'தீ' என்ற சொற்களைத் தோண்டி எடுத்தார். ஆங்கில வாசகர்கள் அதைச் செயற்கை என்று குறை சொன்னார்கள். யார் யாரை எப்போது ஒருமைக்கு இறக்குகிறார்கள் என்பதைக் கவனித்தே வளர்ந்த நமக்கு அது உறுத்துவதில்லை.

இனி மலையுச்சிக்கு வருவோம். பக்கத்துக் குழுவின் தலைவன் எல் சோர்தோ. செவிடன் என்பது அந்தப் பெயரின் பொருள். பனியில் பதிந்த குதிரைத்தடம் காட்டிக்கொடுக்க, அவனும் நான்கு பேரும் ஒரு மொட்டைக் குன்றில் சுற்றிவளைக்கப்படுகிறார்கள். சாவைப் பற்றி அவனுக்குப் பயமில்லை. ஆனால் உயிரோடு இருப்பது என்றால் என்ன என்று நினைத்துப் பார்க்கிறான். மலைச்சரிவில் காற்றுக்கு அசையும் கதிர்வயல், வானத்தில் ஒரு பருந்து, போரடிக்கும் களத்துத் தூசிக்கும் பதருக்கும் நடுவே ஒரு மண்குடத்துத் தண்ணீர் என்று அவன் மனம் போகிறது. அவனோடு இருக்கும் பதினெட்டு வயதுப் பையன் ஹோவாக்கின், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவியின் முழக்கங்களைச் சொல்லித் தைரியம் ஏற்றிக்கொண்டிருக்கிறான். விமானங்களின் இரைச்சல் நெருங்கியதும், முழக்கத்தின் பாதியிலேயே அவன் நாக்கு தானாகச் சிறுவயதில் கற்ற மரியன்னை செபத்துக்கு மாறிவிடுகிறது. குண்டுவீச்சுக்குப் பிறகு குன்றில் ஏறி வந்த எதிரி அதிகாரி லெப்டினன்ட் பெரெண்டோ, இறந்தவர்களின் தலைகளை வெட்டி எடுத்துவரும்படி ஆணையிடுகிறான். ஆணையிட்டுவிட்டு, போர் எவ்வளவு கெட்ட காரியம் என்று நினைத்துச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, அன்று கொல்லப்பட்ட தன் நண்பனின் ஆன்மாவுக்காகச் செபம் சொல்லிக்கொண்டே மலையிறங்குகிறான். அவனும் பக்தியுள்ளவன்; துக்கம் சுமப்பவன்.

தாக்குதலை நிறுத்துங்கள், எதிரிக்குத் தெரிந்துவிட்டது என்று ஜோர்டன் எழுதி அனுப்பிய செய்தி, காவல் சாவடிகளிலும் அலுவலகங்களிலும் சிக்கி, சேர வேண்டியவரிடம் சேரும்போது விமானங்கள் கிளம்பிவிட்டன. அதனால் பாலம் விழுந்தும் பயனில்லை. தப்பி ஓடும்போது குதிரை மேலே சரிந்து ஜோர்டனின் தொடையெலும்பு முறிகிறது. விட்டுப் போக மாட்டேன் என்று அழும் மரியாவை, நீ போனால் நானும் உன்னோடு போனதாகத்தான் அர்த்தம் என்று சொல்லித் தேற்றிக் குதிரையேற்றி அனுப்பிவிடுகிறான்.

தலைப்பு 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் எழுதிய உரைநடையிலிருந்து வந்தது. ஊரில் துக்க மணி அடித்தால், செத்தது யார் என்று ஆளனுப்பிக் கேட்காதே, அது உனக்காகவும்தான் அடிக்கிறது என்கிறார் அவர். நம் தென்கடலோரக் கிறித்தவ ஊர்களில் அந்த மணியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாவலின் முதல் வரியில் ஜோர்டன் பைன் மரத்தின் காய்ந்த ஊசியிலைகள் பரவிய காட்டுத்தரையில் குப்புறப் படுத்திருந்தான். கடைசி வரியிலும் அதே தரையில்தான் படுத்திருக்கிறான். தன் இதயம் அந்தத் தரையின் மேல் துடிப்பதை உணர்கிறான். கையில் துப்பாக்கி. குதிரைத்தடங்களைப் பார்த்தபடி சரிவில் ஏறி வருகிறான் ஓர் அதிகாரி. மரநிழல் முடிந்து வெயில் தொடங்கும் இடத்துக்கு அவன் வரட்டும் என்று ஜோர்டன் காத்திருக்கிறான். வருபவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்: முந்தின நாள் தன் நண்பனுக்காகச் செபம் சொல்லிக்கொண்டு மலையிறங்கிய பெரெண்டோ. துப்பாக்கி வெடிக்கும் முன்பே நாவல் முடிந்துவிடுகிறது.

நன்றி. வணக்கம்.